45 சதம் ஒரு பிரதமரை வீழ்த்திய கதை தெரியுமா? திருகோணமலையில் நின்று பார்த்தால் தெரியும் வறுமை ஒழிப்பு வியப்புகள்!

திருகோணமலை என்றதும் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளிக் கடற்கரை, உலகமே கண் வைத்த இயற்கைத் துறைமுகம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். ஆனால் ஏழைகளின் வயிற்றையும் வருமானத்தையும் உயர்த்த ஓர் அரசு என்னவெல்லாம் செய்து பார்க்கலாமோ, அதில் பெரும்பகுதி இந்த ஒரே மாவட்டத்துக்குள் வந்து போயிருக்கிறது என்பது தெரியுமா? கூப்பன் அரிசி, இலவசக் கல்வி, குடியேற்றக் காணி, மாதக் கொடுப்பனவு, எரிபொருள் மானியம், பாலம், வரி என்று எல்லாமே! எது நிலைத்தது, எது தேய்ந்தது, ஏன் தேய்ந்தது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வாருங்கள்!

1. குண்டு விழுந்த வருடம்தான் கூப்பன் பிறந்த வருடம் என்பது தெரியுமா?

1942 ஏப்ரல் 9. ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. அடிபட்ட விமானம் ஒன்று எண்ணெய்க் குதமொன்றின் மேல் போய் விழ, அது பற்றி எரிந்தது. இது நம்மூரில் பலரும் சொல்லும் கதை. அந்த யுத்தம் சாப்பாட்டுக் கோப்பைக்குள் செய்த மாற்றத்தை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை!

அப்போது இலங்கை உண்ட அரிசியில் பெரும்பங்கு கடல் கடந்து வந்தது. அதில் முதலிடம் பர்மா அரிசிக்கு. அதே 1942இல் பர்மா ஜப்பானின் கைக்குப் போனது. அரிசிக் கப்பல் நின்றது! பட்டினி வாசலுக்கு வந்துவிட்ட நிலையில், சிவில் பாதுகாப்புக்கும் உணவுக்கும் பொறுப்பாக இருந்த ஒலிவர் குணதிலக தலைமையில் அரிசிப் பங்கீடு தொடங்கியது. வீட்டுக்கு வீடு கூப்பன் புத்தகம். ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து அரிசி. முதலாளி வீட்டுக்கும் கூப்பன், மூட்டை தூக்கும் தொழிலாளி வீட்டுக்கும் கூப்பன்!

யுத்தம் 1945இல் முடிந்தது. கூப்பனோ முடியவில்லை! சங்கக் கடை வாசலில் கூப்பன் புத்தகத்தோடு நிற்கும் வரிசை இன்னும் 30 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது. யுத்த கால அவசர ஏற்பாடாக வந்த ஒன்று, உலகமே திரும்பிப் பார்த்த உணவுப் பாதுகாப்புத் திட்டமாக மாறிப்போனது!

2. அரிசி விலை ஏறியதால் அமைச்சரவை போர்க்கப்பலில் கூடியது தெரியுமா?

1953இல் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன கூப்பன் அரிசி மானியத்தை வெட்டினார். ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்குத் தாவியது. வித்தியாசம் வெறும் 45 சதம்! ஆனால் மாதம் முழுவதும் கூப்பன் அரிசியிலேயே உலை வைக்கும் குடும்பத்துக்கு அது ஏறக்குறைய மூன்று மடங்கு விலை.

ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் இறங்கியது. கடைகள் அடைபட்டன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கொழும்பில் கூட்டம் நடத்தக்கூட இடமில்லாமல், துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலான எச்.எம்.எஸ். நியூஃபவுண்ட்லாந்தில் அமைச்சரவை கூடியது! அந்தப் பிரித்தானியக் கடற்படைக்கு இலங்கையில் தலைமைத் தளம் எது? நம் திருகோணமலைதான். 1957 வரை அது அவர்கள் கையில்தான் இருந்தது. இரண்டு மாதங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசி விலையும் இறங்கியது.

இன்னொரு வியப்பு! 69 ஆண்டுகள் கழித்து, 2022 மே மாதத்தில், விலைவாசியால் கொதித்தெழுந்த மக்களிடமிருந்து பாதுகாப்புக்காக, பிரதமர் பதவியை விட்டு விலகிய மகிந்த ராஜபக்ஷ கொண்டு செல்லப்பட்ட இடம் எது தெரியுமா? திருகோணமலைக் கடற்படைத் தளம்! அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஒரு வருடத்துக்குள் உணவுச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பு!

3. ஊர்வலமே இல்லாமல் ஒரு சலுகை பாதியாகத் தேய்ந்தது தெரியுமா?

1966 முடிவில், மீண்டும் ஆட்சிக்கு வந்திருந்த டட்லியின் அரசு பங்கீட்டு அரிசியை இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைத்தது. ஆனால் அந்த ஒரு கொத்தை முற்றிலும் இலவசமாக்கியது. அப்படியும் மக்கள் சமாதானமாகவில்லை. இரண்டாவது கொத்து 1970 தேர்தல் மேடைகளின் முக்கிய வாக்குறுதியாகவே ஆகிவிட்டது!

எல்லாருக்கும் அரிசி என்ற ஏற்பாட்டை முற்றாக மாற்ற 1977 வரை எவருக்கும் துணிவு வரவில்லை. அந்த வருடம் 168 ஆசனங்களில் 140ஐ அள்ளிக்கொண்டு வந்த ஜே.ஆர். அரசால்தான் அது முடிந்தது. 1978இல் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் அரிசி என்றானது. 1979இல் அரிசிக்குப் பதில் உணவு முத்திரை வந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும்! முத்திரையில் அச்சிட்ட ரூபா அப்படியே இருந்தது, கடையில் விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. சில ஆண்டுகளிலேயே அந்த முத்திரையால் வாங்கக்கூடிய சாமான் பாதியாகிவிட்டது. ஹர்த்தால் நடந்ததா? அமைச்சர் யாராவது விலகினாரா? இல்லை! எல்லாருக்கும் உரிய பொருளில் 45 சதம் கூடியபோது அரசே ஆட்டம் கண்டது. ஏழைகளுக்கு மட்டும் உரிய பொருள் பாதியாகத் தேய்ந்தபோது தெருவில் சத்தமே எழவில்லை. வறுமை ஒழிப்பைப் பற்றி ஒரே ஒரு பாடம் மட்டும் படிக்க வேண்டுமென்றால், அது இதுதான்!

4. 80 ஆண்டுகளாக எந்த அரசாலும் அசைக்க முடியாத வறுமை ஒழிப்புத் திட்டம் எது தெரியுமா?

இலவசக் கல்வி! சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா போராடிக் கொண்டுவந்த திட்டம் 1945 ஒக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை! 1980இல் இலவசப் பாடநூல், 1993இல் இலவசச் சீருடைத் துணி. மூதூரில் நண்டு பிடிப்பவரின் மகளும் திருகோணமலை நகரத்து வைத்தியரின் மகனும் ஒரே பாடநூலைப் புரட்டிப் படிக்கிறார்கள். யுத்தத்தைத் தாண்டியது, கடன் நெருக்கடியைத் தாண்டியது, இன்னும் உயிரோடு இருக்கிறது. காரணம் எளிது: அமைச்சருக்கு வாக்களிப்பவரின் பிள்ளையும் அதில் படிக்கிறது, ஏழையின் பிள்ளையும் அதில் படிக்கிறது. தொட்டால் எல்லாருக்கும் வலிக்கும்!

5. சம்பாதிப்பதற்கு மட்டுமல்ல, செலவழிப்பதற்கும் வரி போட்ட நாடு இலங்கை என்பது தெரியுமா?

கேம்பிரிட்ஜின் பேர்பெற்ற பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோர் ஒரு யோசனை சொன்னார். பணக்காரர் வருமானத்தை மறைக்கலாம், ஆடம்பரச் செலவை மறைப்பது கடினம், ஆகவே செலவுக்கே வரி போடுங்கள் என்றார். இந்தியா அதை ஏற்றது. 1959இல் இலங்கையும் ஏற்றது, கூடவே சொத்து வரியும் நன்கொடை வரியும் வந்தன! உலகில் இந்தச் செலவு வரியைச் செய்து பார்த்த நாடுகள் இவை இரண்டுதான். வசூல் சொற்பம், நிர்வாகம் சிக்கல் என்று 1963இல் கைவிட்டார்கள். ஏற்றத்தாழ்வை மேலிருந்தும் குறைக்க வேண்டும் என்று இந்தச் சிறு தீவு அன்றே முயன்றது பெருமைக்குரிய விடயம்!

6. பிரேசிலை முந்திய இலங்கைத் திட்டம் தெரியுமா?

ஏழைக் குடும்பத்துக்கு மாதப் பணம் என்றால் உலகம் மெக்சிக்கோவின் 1997 திட்டத்தையும் பிரேசிலின் 2003 போல்சா ஃபமிலியாவையும் சொல்லும். ஜனாதிபதி பிரேமதாசவின் ஜனசவிய 1989இலேயே வந்துவிட்டது! ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா பெறுமதி. அதில் 1,458 ரூபா வீட்டுச் செலவுக்கு. மீதி 1,042 ரூபா சேமிப்பில். 24 மாதம் கழித்துக் கூட்டிப் பாருங்கள், 25,000 ரூபா! சாப்பாடும் முதலும் ஒரே திட்டத்தில்! தொகை பெரிது, தாங்க முடியாத செலவு. நாடு முழுவதும் ஒரே வீச்சில் கொடுக்க முடியாமல் கட்டம் கட்டமாகத்தான் கொடுத்தார்கள். ஆட்சி மாறியதும் பெயரும் மாறியது. 1995இல் வந்தது சமுர்த்தி.

7. வறுமை ஒழிப்புச் சட்டமூலம் ஒன்று திருகோணமலை வழியாகப் போய்ப் பெரும் புயலைக் கிளப்பியது தெரியுமா?

சமுர்த்தி அதிகார சபையையும் வேறு இரண்டு அதிகார சபைகளையும் ஒன்றாக்கும் திவிநெகும, அதாவது வாழ்வின் எழுச்சிச் சட்டமூலம் 2012இல் வந்தது. மாகாண சபைகளின் அதிகாரத்தைத் தொடுவதால் அவற்றின் சம்மதம் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. திருகோணமலையில் கூடிய கிழக்கு மாகாண சபை அந்த ஒக்டோபரில் அதற்குச் சம்மதம் கொடுத்தது. வடக்கிலோ தெரிவு செய்யப்பட்ட சபையே அப்போது இல்லை! அங்கே ஆளுநரின் சம்மதம் போதாது என்றது நீதிமன்றம். அந்தக் கொந்தளிப்புக்கு நடுவே பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராகக் குற்றப் பிரேரணை வந்து, 2013 ஜனவரியில் அவர் பதவி நீக்கப்பட்டார். அதே மாதம் சட்டமும் நிறைவேறியது, 2013ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமாக! ஏழைக்குக் கொடுக்கும் பணத்தை யார் கையால் கொடுப்பது என்பது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று பாருங்கள்!

8. நாடு மேலே போனபோது திருகோணமலை கீழே போனது தெரியுமா?

அரசின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கு இது. 2012/13இல் நாட்டின் வறுமை வீதம் 6.7. 2016இல் அது 4.1 ஆக இறங்கியது. நல்ல செய்தி! திருகோணமலை மாவட்டத்திலோ 9.0 ஆக இருந்தது 10.0 ஆக ஏறியது! கொழும்பில் அதே 2016இல் ஒரு சதவீதம்கூட இல்லை.

அந்த வருட வறுமைக் கோடு எவ்வளவு? ஓர் ஆளுக்கு மாதம் 4,166 ரூபா. நாளுக்கு 139 ரூபா. 140 ரூபா செலவழித்தவர் கணக்கில் ஏழை இல்லை! கோட்டுக்குச் சற்று மேலே இலட்சக்கணக்கானோர் நின்றதால்தான், 2022 நெருக்கடி ஒரு தள்ளு தள்ளியதும் வறுமை இரட்டிப்பானது. வேறொரு வறுமைக் கோட்டை வைத்து அளக்கும் உலக வங்கியின் மதிப்பீட்டில் 2021இல் 13.1 சதவீதமாக இருந்தது 2022இல் 25 சதவீதம்!

ஏற்றத்தாழ்வு இன்னும் அதிர்ச்சி. 2016இல் நாட்டின் குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல், 50.8 சதவீதம், மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்கினரிடம் போனது. அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்கினருக்குக் கிடைத்தது வெறும் 4.8!

9. ஒரு கல்வீடு உங்களைப் பணக்காரராக்கிவிடலாம் என்பது தெரியுமா?

2023இல் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும வந்தது. கிராம சேவகரின் கண்ணையோ கட்சிக்காரரின் பரிந்துரையையோ நம்பாமல், 22 அளவுகோல்களை வைத்துப் புள்ளி போடும் முறை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பக்கத்திலிருந்தும் பார்க்கும். இலக்கு 20 இலட்சம் குடும்பங்கள். மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா, வறியவருக்கு 8,500, அதற்கு மேல்நிலையில் 5,000, 2,500 என்று நான்கு படிகள். 2025 ஜனவரியில் முதலிரண்டும் 17,500, 10,000 ஆக உயர்ந்தன. பணம் நேராக வங்கிக் கணக்குக்கு!

நல்ல முறைதான். ஆனால் மூதூர்ப் பக்கம் அடுத்தடுத்து இரண்டு வளவுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் யுத்தத்துக்குப் பின் நிறுவனமொன்று கட்டிக் கொடுத்த கல்வீடு. ஓட்டுக் கூரை, சீமெந்துத் தரை, மின்சாரம். உள்ளே கணவரை இழந்த ஓர் அக்காவும் மூன்று பிள்ளைகளும். வருமானம் என்று சொல்ல இடியப்பம் அவித்து விற்கும் காசுதான். அடுத்த வளவில் தகரக் கொட்டில், ஆனால் மகன் கட்டாரிலிருந்து பணம் அனுப்புகிறான், அதைச் சொல்ல யாரும் முன்வரவில்லை. அளவுகோல் எதைப் பார்க்கும்? சுவரைப் பார்க்கும், கூரையைப் பார்க்கும், அடுப்பில் என்ன வேகிறது என்று பார்க்காது! பட்டியல் வெளிவந்ததும் நாடு முழுவதும் பல இலட்சம் மேன்முறையீடுகள் குவிந்ததில் வியப்பே இல்லை. ஏழை யார் என்று தேடத் தொடங்கினால், எந்த வலையிலும் சிலர் தவறிப் போகத்தான் செய்வார்கள்.

10. இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஒரு மாதக் கொடுப்பனவை விழுங்கும் கணக்குத் தெரியுமா?

2022 ஆகஸ்ட் 22. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது! நகரத்தில் இது ஒரு செய்தி. கிண்ணியாவில், குச்சவெளியில், புல்மோட்டையில் இது வாழ்க்கை. சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன.

ஒரு படகு ஒரு நாள் தொழிலுக்கு 20 லீற்றர் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய விலையில் 1,740 ரூபா. புதிய விலையில் 6,800 ரூபா. ஒரு நாளில் 5,060 ரூபா கூடுதல்! இரண்டு நாள் கடலுக்குப் போனால் 10,120. மறுவருடம் அஸ்வெசுமவில் ஒரு வறிய குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்கென்று வைத்த 8,500 ரூபாவைவிட அதிகம்! மீன் படாத நாளிலும் எண்ணெய் எரியத்தான் எரியும். மானியத்தை எடுக்கும் கை வேகமானது, கொடுக்கும் கை மெதுவானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பின்னர் விலை இறங்கியது, 2024இல் மீனவருக்கு எரிபொருள் நிவாரணமும் அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த இடைவெளியில் அடகுக் கடைக்குப் போன நகை எத்தனை?

11. ஒரு பாலமும் வறுமை ஒழிப்புத் திட்டம்தான் என்பது தெரியுமா?

கிண்ணியாப் பாலம்! 2009 ஒக்டோபரில் திறந்தபோது நாட்டிலேயே நீளமான பாலம், 396 மீற்றர், சவூதி அரேபிய உதவியோடு கட்டியது. அதற்கு முன் துறையில் மிதவைப் பாதைக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். மீன் வெயிலில் வாடும், பிரசவ வலியோடு தாய் காத்திருப்பாள். பாலம் வந்த பிறகு திருகோணமலைச் சந்தையும் வைத்தியசாலையும் நிமிடக் கணக்கில்!

பாலம் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கும் கிண்ணியாவே சாட்சி. 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலை முடியாமல் கிடக்க, மாற்றாக ஓடிய மிதவைப் பாதை கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பல உயிர்கள் போயின. எந்தக் கொடுப்பனவாலும் ஈடு செய்ய முடியாத இழப்பு அது.

12. காணியில் மகனும் மகளும் சமமாக 87 ஆண்டுகள் ஆனது தெரியுமா?

காணியற்றவருக்கு அரச காணி கொடுக்கும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இல் வந்தது. கந்தளாய், அல்லைக் குடியேற்றங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. வெறுங்கையோடு வந்த பல குடும்பங்களுக்கு வயலும் நீரும் கிடைத்தன. அதே குடியேற்றங்கள் மாவட்டத்தின் இன விகிதத்தை மாற்றி, தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஆறாத மனக்குறையை விட்டதும் உண்மை. காணியை யாருக்குக் கொடுப்பது என்பது ஒருநாளும் வெறும் பொருளாதாரக் கேள்வியாக இருந்ததில்லை.

இன்னொரு அநீதி அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. அனுமதிப்பத்திரக்காரர் வாரிசு பெயரிடாமல் இறந்தால், பிள்ளைகளில் முதலிடம் ஆண் பிள்ளைக்கு! 2022இல் திருத்தம் வந்த பிறகுதான் மகனும் மகளும் சமமானார்கள்.

சம்பூரையும் மறக்க வேண்டாம். 2006இல் ஊரை விட்டு ஓடிய மக்களின் காணியில் 818 ஏக்கர் முதலீட்டுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. 2015இல் அந்த ஒதுக்கீடு இரத்தானது. தோட்டமும் வயலும் திரும்பக் கிடைப்பதைவிடப் பெரிய வறுமை ஒழிப்பு ஒரு விவசாயிக்கு உண்டா?

மின்னல் வேகத்தில் இன்னும் சில!



• கர்ப்பிணித் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கிடைக்கும் திரிபோஷ 1973இலிருந்து வருகிறது. 50 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது!

• விவசாயிகளுக்கு ஓய்வூதியச் சட்டம் 1987இல், மீனவர்களுக்கு 1990இல். அரச உத்தியோகம் இல்லாதவருக்கும் ஓய்வூதியம்!

• தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2016இல் 10,000 ரூபா. 2025 ஏப்ரலில் 27,000. 2026 ஜனவரியிலிருந்து 30,000!

• 2018இல் வறட்சி மாவட்டங்களில் நுண்கடனில் மாட்டிய பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அரசே பொறுப்பேற்றது!

• பெறுமதி சேர் வரி இப்போது 18 சதவீதம். 1,000 ரூபாச் சாமானுக்கு 180 ரூபா. மாதம் 30,000 உழைப்பவரும் அதே 180, மூன்று இலட்சம் உழைப்பவரும் அதே 180! முன்னவரின் தோளில் பத்து மடங்கு பாரம்!

கடைசியாக, இது தெரியுமா?

சர்வதேச நாணய நிதியத்தோடு 2023இல் செய்த ஒப்பந்தத்தில், சமூகப் பாதுகாப்புச் செலவு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கிறது! கேட்பதற்கு ஆதாரம் உண்டு, உரிமையும் உண்டு.

ஆகவே அஸ்வெசுமப் பட்டியலில் பெயர் விடுபட்டால் விதியென்று இருந்துவிடாதீர்கள். மேன்முறையீடு செய்வது சட்டம் தந்த வழி. பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் கூடவே பிரதேச செயலகம் போய் நிரப்பிக் கொடுங்கள். கொடுப்பனவு விலைவாசியோடு சேர்ந்து ஏற வேண்டும் என்று கேளுங்கள், உங்களுக்கு அது கிடைக்காவிட்டாலும் கேளுங்கள்! உணவு முத்திரை தேய்ந்தபோது அதை வாங்காதவர்கள் யாரும் பேசவில்லை, அதனால்தான் அது தேய்ந்தது. 1953இல் எல்லாரும் பேசினார்கள், அரிசி விலை இறங்கியது. ஏழைக்குரிய பங்கைக் காப்பாற்ற ஏழை மட்டும் போதாது, ஊரே வேண்டும்!